அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன் - நீங்க முதல்ல எப்படி கேட்டீங்க?

அமெரிக்க ராக் பேண்டு கன்ஸ் அன் ரோசஸோட இந்த முதல் ஆல்பம் உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்கப்பா. என் கதைய மொதல்ல சொல்லிடறேன். 93ல திருச்சி ஹாஸ்டல், சீனியர் அண்ணன் ஒருத்தர் பதிஞ்சு குடுத்தாரு. 90 நிமிஷ டிடிகே கேசட்டு, ஒரு பக்கம் 45 நிமிஷம், ஆல்பமோ 53 நிமிஷம், பி சைடுல ஏற்கெனவே ராஜா பாட்டு இருந்துச்சு அத அழிக்க அவருக்கு மனசு வரல, அதனால முழு ஆல்பத்தையும் ஏ சைடுலயே ஓட விட்டுட்டாரு. பதினோராவது பாட்டு 'எனிதிங் கோஸ்' ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் இருக்கும், டொக்குனு பட்டன் எகிறிடும். எட்டு வருஷம் அதோட ஆல்பம் முடிஞ்சுதுன்னே நெனச்சிட்டிருந்தேன். 2001ல சிடி வாங்கி போட்டா பன்னெண்டாவதா 'ராக்கெட் க்வீன்'னு ஒண்ணு வருது!! பாதியில அப்படியே வேற பாட்டா மாறுது. அன்னிக்கு ஆறேழு தடவ அதையே கேட்டேன்.

--

கேசட் அண்ணே செம 😂 நான் எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு கேஸ். ஆபீஸ் வேலையா லாஸ் ஏஞ்சல்ஸ் போனப்ப பழைய ரெக்கார்டு கடையில எடுத்தேன். அட்டையில சிலுவை, அதுல அஞ்சு மண்டை ஓடு, பேண்டு ஆளுக்கொண்ணு. உள்ள ராபர்ட் வில்லியம்ஸ் வரைஞ்ச ஓவியம், ஆல்பம் பேரே அதோட பேருதான். மொதல்ல அதுதான் அட்டைப்படம், கடைக்காரங்க விக்க மாட்டோம்னதும் உள்ள தள்ளிட்டாங்க. பாத்தா ஏன்னு புரியும், வீட்ல நான் அத வெளிய எடுக்கறதே இல்ல. சைடு ஏ, பி கிடையாது, ஜி, ஆர்னு போட்டிருக்கும், நான் பிரிண்டிங் மிஸ்டேக்குனு நெனச்சு கடைக்காரர்கிட்டயே கேட்டுட்டேன், கன்ஸ் ஒரு பக்கம் ரோசஸ் ஒரு பக்கம்னு சிரிக்காம சொன்னாரு பாவம். இன்னொரு கூத்து, ரெக்கார்டிங் நெறைய நடந்த ரம்போ ஸ்டுடியோ மென்மையா பாப் பாட்டு பாடற கேப்டன் அண்ட் டெனில் ஜோடியோடது. அவங்க பாட்டு கேட்டவங்களுக்கு சிரிப்பு வரும்.

--

வந்த உடனே ஹிட்டுன்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, இல்ல. 1987 ஜூலை 21 ரிலீஸ், பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல நுழைஞ்சதே 182ஆவது எடத்துல. எம்டிவி மியூசிக் சேனல் 'வெல்கம் டு த ஜங்கிள்' வீடியோவ தொடவே இல்ல, ரெக்கார்டு கம்பெனி முதலாளி டேவிட் கெஃபனே பேசினதுக்கப்புறம்தான் ஊரே தூங்கற விடியக்காலைல ஒரு தடவ போட்டாங்க, போன் மேல போன் வந்துச்சாம். நம்பர் ஒன் ஆனது 88 ஆகஸ்ட், ஒரு வருஷம் தாண்டி. இன்னிக்கா இருந்தா ரெண்டாவது வாரமே கம்பெனி கைகழுவிருக்கும்.

நான் 2012 டிசம்பர்ல பெங்களூர் ஷோ போனேன். கிதாரிஸ்ட் ஸ்லாஷ் அப்ப பேண்டுலயே இல்ல, இந்த ஆல்பத்துல இருந்த ஆளுல பாடகர் ஆக்ஸல் மட்டும்தான், அது தெரிஞ்சேதான் டிக்கெட் வாங்கினேன். 'ஸ்வீட் சைல்ட்' ஆரம்பிச்சதும் என்னை சுத்தி அத்தனை பேரும் கிதார் ரிஃப்ப வாயாலயே டிங் டிடிங்னு பாடறாங்க, ஸ்லாஷ் சும்மா வெளயாட்டா வாசிச்சது அது. மேடைல வாசிச்சது காதுலயே விழல.

--

கேசட் அண்ணே, பி சைடு ராஜா பாட்டு முழுசா இருந்துச்சா?

--

எங்க? அதுலயும் கடைசி பாட்டு பாதிதான். அவருக்கு அந்த கணக்கு எப்பவுமே வராது.