மறு: 'கனஅளவு–எடை மாற்றுக் காரணி'க்குச் சின்னதாக ஒரு சொல்

> சமையல் செயலியில் கப் கணக்கைக் கிராமாக மாற்றும் எண்ணுக்கு 'அடர்த்தி' என்றே போட்டுவிடலாமே, பள்ளிப் பாடத்தில் இருக்கிற சொல்தானே.

அண்ணாச்சி, வணக்கம். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அடர்த்தி சரி. மாவுக்கும் உப்புக்கும் உதைக்கும். உப்பின் அடர்த்தி என்று அறிவியல் அட்டவணையில் பார்த்தால் மில்லிக்கு 2.16 கிராம் என்று இருக்கும், அதை வைத்துப் பெருக்கினால் அமெரிக்கக் கப் ஒன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் வரும், ஆனால் தராசில் வைத்தால் தூளுப்பு 290 கிராம் பக்கம்தான் நிற்கும். செயலியை நம்பி மாங்காய் ஊறுகாய் போட்டவர் நம்மைச் சும்மா விடுவாரா? கல்லுக்குக் கல் நடுவே இருக்கிற காற்றை அந்த அட்டவணை கணக்கில் எடுப்பதில்லை. மைதாவில் இது இன்னும் மோசம். சலித்துக் கரண்டியால் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம், கப்பை மாவுக்குள்ளேயே முக்கி அள்ளினால் 140-ஐத் தாண்டும்.

மண்ணியல்காரர்கள் புழங்கும் 'பரும அடர்த்தி' (இடையில் இருக்கிற காற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது) பொருளளவில் பொருந்தும்தான், ஆனால் அடுப்படியில் வாயில் வராது. 'படியெடை' என்று இன்னொருவர் சொன்னது காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தப் படி? நம்ம திருநெல்வேலிப் பக்கம் நெல்லுக்குக் கோட்டை என்றால் 21 மரக்கால், தஞ்சாவூர்ப் பக்கம் கலம், அது 12 மரக்கால். கப்பும் அப்படித்தான், அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆகவே எண்ணை 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்றே வைத்துக்கொள்வோம்: சர்க்கரை 85, மைதா 50 சொச்சம்.

என் முன்மொழிவு 'கொள்ளெடை'. 'இந்த உழக்கு எவ்வளவு கொள்ளும்' என்று கேட்கிறோமே, அந்தக் கொள்ளல்தான். கொள்ளளவு ஏற்கெனவே இருப்பதால் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த நிலையில் அளந்தது என்பதையும் முன்னால் சேர்க்கலாம், சலித்த கொள்ளெடை, அமுக்கிய கொள்ளெடை என்று. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும். அதையே நுணுக்கிப் போட்டால் கப் நிறைவதாகவே இருக்காது, போட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரே பொருளுக்கு ரெண்டு எண் வேண்டும் என்பது இதனால்தான்.

---

> என் முன்மொழிவு 'கொள்ளெடை'.

தம்பி, கொள்ளின் எடை என்று படித்துவிடுவார்களே?

---

அண்ணாச்சி, நம்ம ஊரில் அதற்குக் காணம் என்றுதானே பேர், குழப்பம் கோயம்புத்தூர்க்காரர்களுக்குத்தான்! அவர்களும் கொள்ளளவு என்று படிக்கும்போது குதிரையை நினைப்பதில்லை.

---

சரி, எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும், இந்தச் சொல் நிரலுக்கும் ஆவணத்துக்கும் போதும். பொத்தானில் 'ஒரு கப் எத்தனை கிராம்?' என்று இருக்கட்டும், சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறவர்களிடம் கலைச்சொல்லை நீட்ட வேண்டாம். அப்புறம் பட்டியலில் ரவை வெறுமனே ஒரே வரியாக இருக்கிறது. வறுத்தது, வறுக்காதது இரண்டையும் தலைதட்டி அளந்து யாராவது எடை போட்டு அனுப்புங்கள், வித்தியாசம் இருந்தால் தனி வரி சேர்த்துவிடுகிறேன்.