மேலத்தெரு உறவுகள் 🪔

மல்லிகா சித்தி: நம்ம நந்தினி கல்யாணத்துக்கு தை 17 ஞாயிறு, 7.30–9 முகூர்த்தம் உறுதி ஆயிடுச்சு 🙏 ஹூஸ்டன் மீனாட்சி கோயில்லதான். மாப்பிள்ளை கார்த்திக் சியாட்டில்ல இருந்து வெள்ளிக்கிழமை காலையில வர்றார். செல்வம், ரிஜிஸ்டர் பண்றத எல்லாம் தாலி கட்டின பிறகு பாத்துக்கலாம்ல?

ஜெயா: சூப்பர் சித்தி 💐💐

செல்வம் மாமா: அக்கா, இங்க ஊர் மாதிரி இல்ல. முதல்ல கல்யாண லைசென்ஸ், அப்புறம்தான் தாலி. ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டோட கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கிளார்க் ஆபீஸுக்கு நேர்ல போகணும். டெக்சாஸுக்குள்ள எந்தக் கவுண்டில வாங்கினாலும் செல்லும். ஆனா கையில வாங்கி 72 மணி நேரம் ஆகாம கல்யாணம் நடத்தக் கூடாது. வெள்ளி 11 மணிக்கு வாங்கினா திங்கள் 11 மணிக்கு அப்புறம்தான்.

பெரியப்பா: நாள் குறிக்கிறது ஜோசியரா கிளார்க்கா

மல்லிகா சித்தி: ஐயோ மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சேடா

குமார் சித்தப்பா: யாருக்குத் தெரியப் போகுது. ஞாயிறு கட்டிட்டு திங்கள்னு போட்டுக்கலாம்

செல்வம் மாமா: கல்யாணம் நடந்த தேதி, கவுண்டி ரெண்டையும் லைசென்ஸ்ல எழுதிக் கையெழுத்துப் போடுறது குருக்கள். பொய்த் தேதிக்கு அவர் ஏன் மாட்டிக்கணும்?

செல்வம் மாமா: ரெண்டு வழி இருக்கு. கிறிஸ்துமஸ் லீவுக்கு கார்த்திக் இங்க வந்தா அப்பவே வாங்கிடலாம். லைசென்ஸ் 90 நாள் செல்லும், டிசம்பர் 28 வாங்கினா மார்ச் 25 வரைக்கும் கவலை இல்ல. இல்லன்னா ‘ட்வொகெதர் இன் டெக்சாஸ்’னு 8 மணி நேர வகுப்பு. ஆன்லைன்லயும் இருக்கு, ஆனா மாநிலப் பட்டியல்ல இருக்கறவங்க நடத்துறதா பாத்துச் சேரணும். அந்த சர்டிபிகேட் காட்டினா 72 மணி நேரம் காத்திருக்க வேணாம், ஃபீஸ்லயும் 60 டாலர் குறையும்.

ராணி அத்தை: 8 மணி நேரம் என்னத்த சொல்லித் தருவாங்க

செல்வம் மாமா: சண்டை வந்தா எப்படிப் பேசித் தீர்க்கறதுன்னு

பெரியப்பா: குமாரையும் மல்லிகாவையும் சேத்து விடு

மல்லிகா சித்தி: 😐

ராணி அத்தை: எங்க பையன் பிரபுவுக்குக் குடுத்திருந்தா கிளார்க்கும் வேணாம் வகுப்பும் வேணாம்

குமார் சித்தப்பா: ராணி ஆரம்பிக்காத

செல்வம் மாமா: ராணிக்கா, டெக்சாஸ்ல அத்தை மகன், மாமன் மகளுக்கு லைசென்ஸே தர மாட்டாங்க. அப்படி உறவு இல்லைன்னு விண்ணப்பத்துலயே உறுதிமொழி குடுக்கணும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில தடை இல்ல.

ராணி அத்தை: அப்ப கலிஃபோர்னியால வெச்சிருக்கலாம்

பெரியப்பா: 31 வயசு வரைக்கும் விட்டதோட வினை

செல்வம் மாமா: அது இங்க சகஜம் அத்தான். 1960-ல அமெரிக்காவுலயே பொண்ணுங்க முதல் கல்யாணம் 20 வயசு வாக்குலதான். இப்ப 28 தாண்டியாச்சு, ஆம்பளைங்களுக்கு 30.

ஜெயா: அக்காவும் கார்த்திக் அண்ணாவும் ஆஸ்டின்ல ஒரே வீட்டுல இருந்தப்ப கேக்கணும், அண்ணா வத்தக்குழம்பு செம்மயா வைப்பாரு 😋

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பெரியப்பா: நான் படிச்சுட்டேன்

செல்வம் மாமா: ஒரே வீட்டுல இருந்ததால மட்டும் இங்க கல்யாணம் ஆனதா ஆகாது. நாங்க புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கணும், அப்புறம் டெக்சாஸ்ல சேர்ந்து வாழணும், வெளியாள்கிட்டயும் அப்படியே சொல்லியிருக்கணும். மூணும் இருந்தா லைசென்ஸ் இல்லாமயே சட்டப்படி தம்பதிதான். பிரியறதுக்கும் டைவர்ஸ் வாங்கணும். வீட்டு வாடகை ஒப்பந்தத்துல என்ன போட்டாங்கன்னு

மல்லிகா சித்தி: செல்வம் போதும்

பெரியப்பா: கும்பகோணத்து ஐயருக்கு டிக்கெட் போடலாமா?

செல்வம் மாமா: மந்திரம் அவர் சொல்லட்டும். கையெழுத்து மட்டும் கோயில் குருக்கள் போடட்டும், மத அமைப்போட அங்கீகாரம் உள்ளவர்தான் போடணும். அந்த லைசென்ஸ 30 நாளுக்குள்ள கிளார்க்குக்குத் திருப்பி அனுப்பணும். இங்கதான் பல பேர் கோட்டை விடுறாங்க. அந்தத் தாள் அட்சதைத் தட்டுக்கு அடியிலயோ மொய்க் கவர் பையிலயோ போயிடும். பதிவாகலன்னா கிளார்க்கோட முத்திரை போட்ட நகல் கிடைக்காது. இந்தியாவுல காட்டணும்னா அந்த நகலுக்குத்தான் டெக்சாஸ் மாநிலச் செயலர் ஆபீஸ்ல அப்போஸ்டில் (வெளிநாட்டுல காட்டறதுக்கான சான்று) வாங்கணும்.

குமார் சித்தப்பா: யார் பொறுப்பு?

செல்வம் மாமா: நந்தினி ஃப்ரெண்ட் யாராவது. நம்மாளுங்க வேணாம்

மல்லிகா சித்தி: கார்த்திக்குக்கு டிசம்பர்ல லீவு கிடைக்குமான்னு தெரியலயாம். கேட்டுச் சொல்றாராம்

செல்வம் மாமா: அப்ப வகுப்புக்கும் பேர் குடுத்து வெக்கச் சொல்லுங்க

குமார் சித்தப்பா: பாக்கலாம்

ராணி அத்தை: பத்திரிகை ப்ரூஃப் பாத்தேன். தாய்மாமன் பேர் பெருசா இருக்கு. அத்தை பேர் எங்க?

*மல்லிகா சித்தி தட்டச்சு செய்கிறார்…*