சான் ஹோசே வீடு: ப்ரோபேட்டும் விற்பனையும் சேர்த்துப் பார்க்கும் வக்கீல் தேவை

வணக்கம். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுன்ட்டியில், ப்ரோபேட் (இறந்தவரின் உயிலை கோர்ட் ஏற்று, சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் நடைமுறை) வேலை பார்க்கும் வக்கீல் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

வீட்டின் மதிப்பு சுமார் 12 லட்சம் டாலர். உரிமையாளர் காலமாகிவிட்டார். டிரஸ்ட் கிடையாது, உயில் மட்டும்தான். அதனால் ப்ரோபேட் தேவை. மதிப்பு அதிகம் என்பதால், 7,50,000 டாலருக்குள் இருக்கும் குடியிருப்பு வீட்டுக்கான எளிய மனு இதற்குப் பொருந்தாது. எக்சிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) உயிலில் பெயர் உள்ள தம்பி மதுரையில் இருக்கிறார். உயிலிலேயே பெயர் இருப்பதால் வெளிநாட்டில் இருப்பது தடையில்லை. ஆனால் பாண்ட் (எக்சிக்யூட்டர் கொடுக்கும் ஈட்டுறுதி) வேண்டாம் என்று உயில் சொன்னாலும் நீதிபதி கேட்கலாம். இதைக் கையாண்ட அனுபவம் வக்கீலுக்கு அவசியம்.

வக்கீல் கட்டணம்: சொத்து மதிப்பில் முதல் லட்சம் டாலருக்கு 4%, அடுத்த லட்சத்துக்கு 3%, அடுத்த 8 லட்சத்துக்கு 2%, மீதிக்கு 1%. கூட்டினால் 25,000 டாலர். வீட்டுக் கடனைக் கழிக்காமல் முழு மதிப்பில் போடும் கணக்கு இது (கொடுமைதான்). சட்டம் சொல்வது உச்சவரம்பு மட்டுமே, பேசிக் குறைக்கலாம். விற்பனை வேலைக்குத் தனியாகக் கேட்பாரா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்க வேண்டும்.

வக்கீல், மனுவில் எக்சிக்யூட்டருக்கு முழு அதிகாரம் (கோர்ட் ஒப்புதல் இல்லாமலே வீட்டை விற்கும் அதிகாரம்) கேட்பவராக இருக்கட்டும். அது கிடைத்தால் வாரிசுகளுக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விற்றுவிடலாம். இல்லையென்றால் கோர்ட்டில் மறு ஏலம், வாங்க வந்தவர் பாதியில் ஓடிவிடுவார்.

அசல் உயிலை 30 நாளுக்குள் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், 11 நாள்தான் மிச்சம். மதுரையில் அபோஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) வேலையை முடித்துத் தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள்.