மடலை நிறுத்தியபோது எதிர்ப்பட்டவர்கள்

ஏற்காட்டிலிருந்து:

எழுத்தாளர்களுக்காக நான் நடத்திவந்த மாத மடலின் கடைசி இதழ் போன அக்டோபரில் போனது. தனிச்சுற்றுதான். எந்த இதழ் என்ன கேட்கிறது, எந்தப் போட்டிக்கு எப்போது கடைசித் தேதி, ஒரு சிறுகதை, கொஞ்சம் மதிப்புரை. மாமனாருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. காப்பித் தோட்டம் என் தலையில் வந்து விழுந்தது.

இங்கே அரபிக்காவுக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறிப்பு. பறித்த பழத்தை அன்றைக்கே, தோலுரிக்கிற பல்ப்பர் இயந்திரத்தில் விட்டாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் புளித்த வாடை கொட்டையில் ஏறிவிடும், விலை போகாது. அப்புறம் களத்தில் காயப்போட்டுக் கிளற வேண்டும், தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். இது முடிகிற நேரத்தில் மிளகு பழுத்து நிற்கும். இதற்கெல்லாம் பிறகு ராத்திரி உட்கார்ந்து, பாமினி என்கிற பழைய எழுத்துருவில் வந்த கதையை யூனிகோடுக்கு மாற்றி, காணாமல் போன ஒற்றுகளைத் தேடுவது நடக்கிற காரியமில்லை.

நிறுத்துவதிலும் வேலை இருக்கிறது. மீதிச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்தேன். கைவசம் இருந்த கதைகளுக்கு, ‘இனி வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்’ என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். பணம் நாலு நாள் தாமதமானாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒருவர் கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சேலத்திலிருந்து மேலே வரும்போது அஸ்தம்பட்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “தம்பி, நான் ஆயுள் சந்தா கட்டினவன். எனக்கு இன்னும் ஆயுள் இருக்கே?” என்றார். கோரிமேடு தாண்டுவதற்குள் பேச்சில் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா வந்துவிட்டார். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த மனுஷன், உங்களுக்குக் காப்பி பெரிசாப் போச்சா என்று பிடித்துக்கொண்டார்.

“அவரும் 1970இல் நிறுத்தினாரே ஐயா. அப்புறம்தானே ‘சுதந்திர தாகம்’ நாவல் வந்தது?”

“அது வந்தது 1997. இருபத்தேழு வருஷம் தம்பி!”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அவர்தான் பேசினார். இறங்கும்போது, மீதிப் பணம் வேண்டாம், புதுக் கொட்டை வறுத்ததும் அரைக் கிலோ பொடி கொடுங்கள் என்றார். கொடுத்தேன். சிக்கரி கலக்கவில்லையா என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அம்மாபேட்டையிலிருந்து:

அந்தக் கடிதம் வந்தவர்களில் நானும் ஒருத்தி. படித்ததும் வருத்தம்தான், ஆனால் அன்று மாலையே கதையை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டேன். முன்பு வேறொரு சிற்றிதழில் இதற்கு நேர்மாறாக நடந்தது, பெயர் வேண்டாம். கதையை எடுத்துக்கொண்டோம், அடுத்த இதழில் வரும் என்றார்கள். ‘வேறெங்கும் அனுப்பப்படாத படைப்பு’ என்று உறுதி கொடுத்துவிட்டு, நானும் காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சேலம் புத்தகத் திருவிழாவில் அதன் ஆசிரியரை நேரிலேயே பார்த்துவிட்டேன். கையில் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். “நிறுத்தலைங்க மேடம், சின்ன இடைவெளி விட்டிருக்கோம்” என்றார். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடைவெளி இன்னும் முடிந்தபாடில்லை.

சூரமங்கலத்திலிருந்து:

மடலில் கதையும் மதிப்புரையும் போனதில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை, அவை வேறு இடத்திலும் கிடைக்கும். கடைசித் தேதிப் பட்டியலை விட்டுவிடக் கூடாது என்று தோன்றியதால் தோட்டத்துக்கே போய்க் கேட்டேன். களத்தில் கொட்டையைக் கிளறிக்கொண்டே தன் குறிப்பு டைரியைக் கொடுத்தார். நுழைவுக் கட்டணம் கேட்கிற போட்டிகளைச் சேர்க்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். இப்போது அந்தப் பட்டியலை ஒரே பக்கமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். சந்தா எதுவும் வாங்கவில்லை. அடுத்த வருடம் மகள் பத்தாம் வகுப்பு, அதனால் மே மாதம் வரைதான் என்று முதல் பட்டியலிலேயே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எடுத்து நடத்த ஆள் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.