பெயர் இல்லாத பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி: ஜாவாவா, யெஸ்டியா? வாங்கலாமா?

கொட்டகைக்காரன்:
தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில், நெல் மூட்டைச் சாக்குகளுக்குப் பின்னால் பல வருடங்களாக நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளைப் போன வாரம் பார்த்தேன். டேங்கில் கறுப்பு எனாமல் பெயிண்ட்டைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். எந்தக் கம்பெனியின் சின்னமும் இல்லை. இன்ஜினில் ஒரே சிலிண்டர்தான், ஆனால் அதிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கி இருபுறமும் இரண்டு சைலன்சர்களாகப் போகின்றன. கிக்கரைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வண்டிக்காரர் இறந்துவிட்டார், அவருடைய மகன் "இது 1965 ஜாவா" என்று சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார். ஆர்.சி. புத்தகம் பரணில் எங்கோ இருக்கிறதாம். இது என்ன வண்டி, இந்த விலைக்கு வாங்கலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மைசூர்ச் சாலை:
கிக்கர் இல்லாமல் இல்லை, நண்பரே. உங்கள் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. இடது பக்கம் உள்ள கியர் லிவரை இன்ஜினை நோக்கி உள்ளே அழுத்தி மேலே திருப்பிப் பாருங்கள், அதுவே கிக்கராக நிமிர்ந்து நிற்கும். அப்படி நின்றால், அது மைசூர் யாதவகிரித் தொழிற்சாலையில் ஐடியல் ஜாவா நிறுவனம் தயாரித்த வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்காது. மற்ற பழைய வண்டிகள் இதற்குப் பொருந்தாது: புல்லட் ஃபோர்-ஸ்ட்ரோக், பழைய புல்லட்டில் கிக்கரும் கியரும் வலது பக்கம் தனித்தனியாக இருக்கும். போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியை அடிப்படையாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 175-இல் சைலன்சர் ஒன்றுதான்.

ஆனால் ஜாவாவா, யெஸ்டியா என்பது வேறு கேள்வி. செக்கோஸ்லோவாக்கிய உரிமத்தின் பேரில் 1961-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, எழுபதுகளின் முற்பகுதி வரை ஜாவா என்ற பெயரிலும், அதற்குப் பிறகு 1996-இல் மூடப்படும் வரை யெஸ்டி என்ற பெயரிலும் வண்டிகளை விற்றது. இரண்டு பெயரிலும் பெரும்பாலான வண்டிகளுக்கு 250 சிசி இன்ஜின்தான். பல பாகங்கள் ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் மாட்டக்கூடியவை என்பதால், ஐம்பது வருடங்களில் ஊர் மெக்கானிக்குகள் எதை எதோடு சேர்த்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. ஆகவே டேங்க், சீட், ஹெட்லைட் ஆகியவற்றைப் பார்த்து வருடம் சொல்கிறவரை நம்ப வேண்டாம். 1965 என்று மகன் சொல்வது அப்பா சொல்லக் கேட்டதாகத்தான் இருக்கும்.

பரிவாகனம்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: வண்டியை விட்டுவிட்டு முதலில் பரணில் ஏறச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்த பிறகு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஸ்டீரிங் கழுத்துப் பகுதியையும் இன்ஜின் எண் உள்ள இடத்தையும் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டவைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸ் எண் புத்தகத்தில் உள்ளதிலிருந்து ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அந்த இடத்தில் அரம் போட்ட பளபளப்போ வெல்டிங் மேடோ தெரிந்தாலும், விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், கிளம்பி வந்துவிடுங்கள். இன்ஜின் எண் மட்டும் மாறியிருந்தால் அது வேறு கதை, ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றப்பட்டதாகப் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உரிமையாளர் இறந்துவிட்டதால், மகன் வழக்கமான விற்பனைக்குரிய படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதாது. சட்டப்படி வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்து வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குரிய மூன்று மாத அவகாசம் எப்போதோ முடிந்திருக்கும் என்பதால் அபராதம் இருக்கும். இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் தேவை; மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களுடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும். இதை விற்பவரே முடித்துத் தரட்டும். "நீங்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்பட்டு நான் வாங்கிய ஒரு வண்டி, துபாயில் இருந்த ஒரு தங்கையின் கையெழுத்துக்காக என் வீட்டு வாசலில் இரண்டு வருடம் நின்றது.

கொட்டகைக்காரன்:
மிக்க நன்றி. லிவர் உள்ளே போய் நிமிர்ந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. புத்தகமும் கிடைத்தது: எம் எழுத்தில் தொடங்கும் பழைய எண், ஜாவா, 1972. சேஸ் எண் பென்சில் பிரிண்ட்டோடு அப்படியே பொருந்துகிறது, அரம் போட்ட தடம் எதுவும் இல்லை. ஆனால் இன்ஜின் எண் பொருந்தவில்லை. கிரீஸைச் சுரண்டியபோது இன்ஜின் கவரில் யெஸ்டி என்ற எழுத்து தெரிந்தது. இன்ஜின் மாற்றியதாகப் புத்தகத்தில் எந்தப் பதிவும் இல்லை. பதிவு 1987-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவும் இல்லை.

மைசூர்ச் சாலை:
கவரை மட்டும் மாற்றுவது சகஜம், ஆனால் எண்ணும் மாறியிருப்பதால் முழு இன்ஜினும் பிற்பாடு வந்ததுதான். நீங்கள் பார்த்தது ஜாவாவின் உடம்பும் யெஸ்டியின் இதயமும். ஓட்டுவதற்கு அது குறையே அல்ல. ஜாவா என்று சொல்லிக் கேட்கும் விலைக்குத்தான் குறை.

டூ-ஸ்ட்ரோக் தாத்தா:
தயவுசெய்து யாரும் அதை உதைத்துப் பார்க்க வேண்டாம். சிலிண்டர் சுவரில் துருப் பிடித்திருந்தால், ஓர் உதையில் பிஸ்டனும் ரிங்கும் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் அளவுக்கு மெதுவாக அசைத்து, பிஸ்டன் நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நகர்ந்தாலும் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் ஆயில் சீல்கள் இத்தனை வருடத்தில் விறைத்துப் போயிருக்கும். அவற்றை மாற்றாமல் ஓட்டினால், அந்த வழியாகக் காற்று புகுந்து பெட்ரோல் கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனவே இன்ஜினைப் பிரித்துச் செய்யும் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள். மட்கார்டுக்கும் டேங்குக்கும் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. ஓட ஆரம்பித்ததும், டேங்கின் உள்துருவைச் சுத்தம் செய்யாமல் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலை நிரப்பி நிறுத்திவைக்காதீர்கள்.

பரிவாகனம்:
ஒருவர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தார், 1972 வண்டியை வின்டேஜ் பதிவில் கொண்டுபோகலாமே என்று. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த இருசக்கர வாகனத்துக்கு வி.ஏ. வரிசையில் எண் கிடைக்கும், பத்து வருடத்துக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்பது உண்மை. ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதும், தினசரிப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கின்றன. இன்ஜின் மாறிய வண்டிக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். பழைய ஆர்.டி.ஓ. பதிவேட்டில் வண்டி இருக்கிறதா என்று கேட்டு, அந்தப் பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் பேக்லாக் என்ட்ரி போட்டுத் தருவார்களா என்பதை உறுதி செய்துகொண்டு, இன்ஜின் மாற்றத்தையும் பதிவு செய்து, சாதாரணப் புதுப்பித்தலையே கேளுங்கள். பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் தாமத அபராதமும் சேரும். பேக்லாக் என்ட்ரி கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டால், அது கொட்டகையில் நிறுத்திவைக்கும் இரும்பு மட்டுமே.

கொட்டகைக்காரன்:
எல்லாவற்றையும் மகனிடம் காட்டிப் பேசினேன். அறுபதாயிரத்துக்கு இறங்கியிருக்கிறார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்து, தன் பெயருக்கு ஆர்.சி. மாற்றிய பிறகே மீதி என்று வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். திங்கட்கிழமை அவரோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறேன். பிஸ்டன் நேற்று மாலை ஒரு விரல்கடை நகர்ந்தது.