1930 பக்கம் வந்த ஹாலிவுட் டாக்கி (பேசும்) படங்கள எப்படிதான் ரசிக்கிறீங்க?

அரைத்தூக்கம்:
பழைய படம்னாலே ஓடுற ஆள் இல்லங்க நான். ஊமைப்படம் நிறைய பாத்துருக்கேன், சன்ரைஸ் (1927) பாத்துட்டு ரெண்டு நாளைக்கு வேற எதுவும் பாக்கவே தோணல. 40கள்ல வந்த படங்களும் பிரச்சனை இல்ல. நடுவுல 1928ல இருந்து 32 வரைக்கும் வந்த பேசும்படங்க மட்டும் உள்ளயே இறங்க மாட்டேங்குது. போன வாரம் டிராகுலா (1931) போட்டேன், ஆளாளுக்கு நட்டு வச்ச மாதிரி நிக்கறாங்க, பின்னணி இசை மருந்துக்குக் கூட இல்ல, ஒருத்தர் பேசி முடிச்சு அடுத்தவர் வாய் திறக்கறதுக்குள்ள நான் ஒரு காபி போட்டுட்டு வந்துடலாம் போல இருக்கு. ஊமைப்படத்துல அந்தப் பற பறந்த கேமராவுக்கு திடீர்னு என்ன ஆச்சு? நக்கல் இல்ல, நிஜமாவே கேக்கறேன், இதுல என்னத்த ரசிக்கிறீங்க?

ரீல்பெட்டி:
கேமராவ பெட்டிக்குள்ள போட்டு பூட்டிட்டாங்க சார், அதான் ஆச்சு 😄 அப்போ கேமரா ஓடுற சத்தம் தையல் மிஷின் மாதிரி இருக்கும், அத மைக் பிடிச்சிடும், அதனால கேமராவையும் கேமராமேனையும் சேத்து சத்தம் வெளிய வராத ஒரு கூண்டுக்குள்ள அடைச்சு கண்ணாடி வழியா எடுத்தாங்க. உள்ள வெந்துருப்பாரு மனுஷன். மைக்கும் ஒரே இடத்துல, பூச்சாடிக்குள்ளயோ டேபிள் விளக்குக்குப் பின்னாடியோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, நடிகர் அத விட்டு ரெண்டடி தள்ளிப் போனா குரல் போயிடும். நீங்க நட்டு வச்ச மாதிரின்னு சொன்னது இதுதான்.

அப்புறம் வார்னர்ஸ் கம்பெனிக்காரங்களோட வைட்டாஃபோன்ங்கற ஒலிப்பதிவு முறைல சத்தம் ஃபிலிம்லயே கிடையாது, 16 அங்குல இசைத்தட்டுல தனியா இருக்கும், ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. தட்ட எடிட் பண்ண முடியாதுல்ல, அதனால ரெண்டு மூணு கேமராவ ஒரே நேரத்துல ஓடவிட்டு சீன நிறுத்தாம எடுத்துட்டுப் போவாங்க. தியேட்டர்ல ஊசி குதிச்சிட்டா வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம்.

இசை இல்லாததுக்கும் இதே கதைதான். தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி கலக்குற வசதி சரியா இல்ல, கலந்தா தரம் கெட்டுடும், இசை வேணும்னா சீன் நடக்கும்போதே பக்கத்துல ஆர்கெஸ்ட்ராவ உக்கார வச்சு வாசிக்கணும். 1933ல கிங் காங்குக்கு மாக்ஸ் ஸ்டெய்னர் இசை போட்ட நேரத்துல இந்தத் தொல்லை பெருசா தீந்துடுச்சு. அதனால உங்களுக்கு உறுத்துற காலம் மொத்தமே நாலஞ்சு வருஷம்தான்.

பழையடிக்கெட்:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா காரணம் தெரிஞ்சா படம் நல்லாயிடுமா? 1929ல வந்ததுல பாதி போர்தான், ஒத்துக்கறதுல என்ன வெக்கம். லைட்ஸ் ஆஃப் நியூயார்க் (1928), முழுக்க பேசுற முதல் முழுநீளப் படம், உக்காந்து பாத்தேன், சரித்திரத்துக்காக ஒரு தடவ பாக்கலாம், அவ்ளோதான்.

அதே சமயம் ரூபன் மமூலியன்னு ஒருத்தரு, நாடகத்துல இருந்து வந்தவரு, நாடகக்காரர்தானே பேசாம நிக்க வச்சு எடுப்பாருன்னு பாத்தா, முதல் படம் அப்ளாஸ்லயே (1929) கேமராவ நகத்தியே தீருவேன்னு நின்னாரு, ஒரு சீன்ல ரெண்டு மைக் வச்சு ரெண்டு சத்தத்தையும் கலந்தாரு. அவரோட லவ் மீ டுநைட் (1932) முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் பாருங்க. பாரிஸ்ல விடியுது, ஒருத்தன் ரோட்ட கடப்பாரையால கொத்தறான், ஒருத்தன் குறட்டை விடறான், ஒரு அம்மா பெருக்குது, செருப்பு தைக்கிறவங்க ஆணி அடிக்கறாங்க, ஒவ்வொரு சத்தமா சேந்து சேந்து ஊரே தாளம் போடுது. அப்புறம் ஒரு தையக்காரன் பாடுற பாட்டு கஸ்டமர் வாய்க்குப் போயி, டாக்ஸிக்குப் போயி, ரயில்ல சிப்பாய்ங்ககிட்ட போயி, கடைசில எங்கயோ கோட்டைல இருக்கற இளவரசி காதுல விழும். இத ஊமைப்படத்துல எடுக்கவே முடியாது, சத்தம் வந்ததாலதான் இந்தக் கற்பனையே பொறந்துச்சு.

இன்னொன்னு, படத்துல எதெல்லாம் காட்டக்கூடாதுன்னு ஹாலிவுட் வச்சிருந்த சென்சார் கோடு, 1934 ஜூலைக்கு முன்னாடி பேருக்குத்தான் இருந்துச்சு, யாரும் கண்டுக்கல. பேபி ஃபேஸ் (1933) பாருங்க, ஒரு பொண்ணு ஆம்பளைங்கள மயக்கியே பேங்க்ல மாடி மாடியா எப்படி ஏறுறான்னு. வெட்டாத பிரதி 2004லதான் கெடச்சுது, அதத் தேடிப் பாருங்க.

ராத்திரிஆட்டம்:
டிராகுலாவ விட்டுட்டு எல்லாரும் வேற எங்கயோ போயிட்டீங்க. நான் அதுக்காகவே வந்தேன்.

முதல்ல ஒரு திருத்தம், முதல் 20 நிமிஷத்துல கேமரா நல்லாவே நகருது, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் எடுத்தது, அந்தக் கல்லறை சீன் மிதந்து போகும். லண்டன் வந்தப்புறம்தான் நாடக வாசனை, நாவல மேடை நாடகமாக்கினதுல இருந்துதானே படமே எடுத்தாங்க. (டிராகுலா கோட்டைல அர்மடில்லோ, அதான் உடம்பெல்லாம் ஓடு போத்தின அமெரிக்க மிருகம், எதுக்கு ஓடுதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.)

இசை இல்லன்னீங்க. அந்தப் படத்துல ஓநாய் ஊளையிடும்போது டிராகுலா நின்னு கேப்பாரு, இரவோட பிள்ளைங்க, என்னமா பாடுதுங்கன்னு சொல்லுவாரு. டைட்டிலையும் கச்சேரி அரங்க சீனையும் விட்டா படத்துல வேற இசையே இல்லாதப்ப அந்த ஊளைதான் இசை! பின்னாடி வயலின் இழுத்துட்டு இருந்தா அந்த வசனமே செத்துருக்கும். 90கள் கடைசில ஃபிலிப் கிளாஸ்ங்கற அமெரிக்க இசையமைப்பாளர் இதுக்குன்னே தனியா இசை போட்டாரு, அத வச்சும் பாத்தேன், நல்ல இசைதான், ஆனா பயம் போச்சு. சும்மா இருக்கறப்ப நம்ம காது தானாவே எதையோ எதிர்பாக்கும்ல, அந்தப் பயம்.

ஒரே ஒரு டிப்ஸ், மொபைல் ஸ்பீக்கர்ல பாக்காதீங்க. ராத்திரி, ஃபேன நிறுத்திட்டு, ஹெட்போன். இன்னொன்னு, பிரிண்ட் எதுன்னு பாருங்க. வைட்டாஃபோன் தட்டு மாதிரி இல்லாம ஃபிலிம்லயே சத்தம் பதிஞ்ச படங்கள்ல, ஓரத்துல சத்தத்துக்கு இடம் விட்டதால படம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், 1.2க்கு 1, அத டிவி சைஸுக்கு வெட்டினா எல்லாருக்கும் தலை மேல கத்தி விழுந்துடும். இதத் தெரியாம டைரக்டருக்கு ஃபிரேம் வைக்கத் தெரியலன்னு நான் ஒரு வருஷம் திட்டிட்டு இருந்தேன்.

அரைத்தூக்கம்:
நேத்து ராத்திரி திரும்பப் போட்டேன், ஹெட்போனோட. ஐயா நான் பாத்தது வெட்டின பிரிண்ட்தான், டிராகுலாவா நடிச்ச லுகோசிக்கு நெத்தியே இல்ல அதுல, இப்பதான் அவர் நெத்தியப் பாக்கறேன். அந்த ஓநாய் வசனம் வந்தப்ப நானும் மூச்சப் பிடிச்சுட்டு ஊளை வருதான்னு கேட்டுட்டு இருந்தேன், அந்நேரம் பாத்து பின்னாடி இருந்து வீட்டம்மா "என்னங்க ஒரு சத்தத்தையும் காணோம், தூங்கிட்டீங்களா"ன்னு தோள்ல கை வச்சாங்க பாருங்க. ஹெட்போன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்.

ரெண்டாவது பாதி இன்னும் இழுவைதான், அதுல மாத்தமில்ல. லவ் மீ டுநைட் தலை வெட்டுப்படாம எங்க கிடைக்கும்னு யாராவது சொல்லுங்க.