கலைச்சொல்: 'தற்காலிகப் படைப்பிரிவு' வேண்டாம், 'குறுந்தவணை ரெஜிமென்ட்' என்போம்

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூன்று மாதம், ஒன்பது மாதம் மட்டும் இருந்த காலாட்படை ரெஜிமென்ட்டுகளைத் 'தற்காலிகப் படைப்பிரிவு' என்று எழுதிவிடலாமே?

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தற்காலிகம் என்றால் முடியும் நாள் யாருக்கும் தெரியாது. தற்காலிகப் பணியாளரை நாளைக்கே அனுப்பலாம், பத்து வருடம் இழுத்தடிக்கவும் செய்யலாம். இந்த ரெஜிமென்ட்டுகள் அப்படியல்ல. 1861 ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் 75,000 பேரை 90 நாளுக்கு அழைத்தார். 1795ஆம் ஆண்டு மிலிஷியா (மாநிலங்களின் குடிமக்கள் படை) சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் அவர்களை வைத்துக்கொள்ள இடம் தரவில்லை. சேரும்போதே முடியும் நாள் தெரியும். சட்டமும் அதற்குக் காவல்.

அந்த நாள் எவ்வளவு கனமானது என்பதற்குப் புல் ரன் போர் ஒன்றே போதும். 1861 ஜூலை 21 காலை, போர் தொடங்கும் வேளையில், 4ஆம் பென்சில்வேனியா ரெஜிமென்ட்டுக்குத் தவணை முடிந்திருந்தது. இருந்து போரிடுங்கள் என்று வடக்குப் படைத் தளபதி மெக்டவல் கேட்டுப் பார்த்தார். அவர்கள் மறுத்து, எதிரியின் பீரங்கி முழங்க முழங்கப் பின்பக்கம் நடந்துவிட்டார்கள். அதன் கர்னல் ஹார்ட்ரான்ஃப்ட் அவர்களோடு போகாமல் நின்று போரிட்டார். பின்னாளில் அதற்காகவே அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் பெற்றார். நடந்து போனவர்களைக் கோழைகள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒப்புக்கொண்ட நாளை அவர்கள் முடித்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக வெர்மான்ட்காரர்கள். 12 முதல் 16 வரை எண்ணிட்ட ஐந்து ஒன்பது மாத ரெஜிமென்ட்டுகள், வடக்குத் தளபதி ஸ்டானர்டின் பிரிகேட் (பல ரெஜிமென்ட்டுகள் சேர்ந்த அணி). 1863 ஜூலை 3, கெட்டிஸ்பர்க். வீடு திரும்பச் சில வாரங்களே இருக்கும்போது 13ஆம், 16ஆம் ரெஜிமென்ட்டுகள் அணியிலிருந்து வெளியே வந்து திரும்பி, தெற்குப் படைத் தளபதி பிக்கெட்டின் தாக்குதலைப் பக்கவாட்டில் இருந்து சுட்டுச் சிதறடித்தன. ஆகவே 'குறுகிய காலம்' என்பதைக் குறைந்த தரம் என்று படிக்க வைக்கும் எந்தச் சொல்லும் நமக்கு ஆகாது. 'தற்காலிக' என்பதில் அந்த வாடை இருக்கிறது.

இன்னொரு சிக்கல் உண்டு, இதை யாரும் இன்னும் தொடவில்லை. தவணை யாருடையது, ரெஜிமென்ட்டுடையதா, வீரனுடையதா? 2ஆம் மெய்ன் ரெஜிமென்ட் இரண்டு ஆண்டு முடிந்து 1863 மே மாதத்தில் வீடு திரும்பியது. ஆனால் அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மூன்றாண்டுத் தாளில் கையெழுத்திட்டிருந்தார்கள். 'எங்கள் ரெஜிமென்ட்டே போய்விட்டது, நாங்கள் மட்டும் ஏன்?' என்று கலகம் செய்த அவர்களைத்தான் காவலோடு கர்னல் சேம்பர்லினின் 20ஆம் மெய்ன் ரெஜிமென்ட்டுக்கு அனுப்பினார்கள். எனவே நமக்கு இரண்டு சொற்கள் தேவை. வீரனுக்குச் 'சேவைத் தவணை'. படைக்குக் 'குறுந்தவணை ரெஜிமென்ட்'.

பிற முன்மொழிவுகளைப் பற்றி. 'ஒப்பந்தப் படை' கூலிப்படை போல ஒலிக்கிறது. 'கெடுப்படை' என்பதைக் கெடுக்கும் படை என்றே முதலில் படிப்பார்கள். 'வேளைக்காரர்' சோழர் கல்வெட்டுகளில் வரும் அருமையான சொல்தான், ஆனால் அவர்கள் உயிரையே தருவதாகச் சூளுரைத்தவர்கள். நாள் குறித்துச் சேர்ந்தவர்கள் அல்லர். பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை என்று அறுவகைப் படை சொல்கிறார். அதில் நாட்டுப்படையை மிலிஷியாவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஓர் ஆசை. அதைத் தனி இழையில் பேசுவோம்.

'படைப்பிரிவு' ஏன் கூடாது? இலங்கைச் செய்திகளில் '58ஆவது படைப்பிரிவு' என்றால் அது டிவிஷன், பல ஆயிரம் பேர். இங்கே நாம் பேசுவது பத்து கம்பெனிகள், ஏட்டளவில் ஆயிரம் பேர் கொண்ட அமைப்பு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஊரெல்லாம் சொல்லும்போது ரெஜிமென்ட் என்றே எழுதுவதில் குறையில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பல பட்டாலியன்கள் உண்டு, அமெரிக்கக் காலாட்படை ரெஜிமென்ட் பெரும்பாலும் ஒரே பட்டாலியன் அளவுதான் என்பதை மட்டும் ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்.

அப்புறம், 1864இல் ஒகையோ ஆளுநர் பிரௌ முன்னின்று திரட்டியவர்களை 'நூறு நாள் ஆட்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டு வாசகருக்கு அது உடனே நூறு நாள் வேலைத் திட்டத்தை நினைவூட்டும். 'நூறு நாள் வீரர்' என்று போடுவோம். அவர்களில் 144ஆம், 149ஆம் ஒகையோ ரெஜிமென்ட்டுகள் ஜூலை 9 அன்று மோனோகசி ஆற்றங்கரையில் நின்று போரிட்டவை. அந்தப் போர்தான் வாஷிங்டனை நோக்கி வந்த தெற்குத் தளபதி எர்லியின் படையை ஒரு நாள் தாமதப்படுத்தியது. வீரர் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தும்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை. தவணை முடிந்ததும் ரெஜிமென்ட்டைக் 'கலைத்தார்கள்' என்பதா, 'விடுவித்தார்கள்' என்பதா? கலைத்தல் தண்டனை போலவும் தொனிக்கிறது. ஈழத்து நண்பர்கள் பள்ளித் 'தவணை' என்று அன்றாடம் புழங்குபவர்கள். தமிழ்நாட்டில் அது கடன் தவணையாகிவிட்டது. இரண்டு பக்கமும் 'குறுந்தவணை' சரியாக விளங்குகிறதா என்று சொல்லுங்கள்.